கோலாலம்பூரில் எடுத்த வாடகை வீடு ஏமாற்றினால்: குடும்பத்தோடு கோடை விடுமுறைக்கு வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

போன மே மாதம் திருச்சியிலிருந்து என் அண்ணன் குடும்பம் கோலாலம்பூர் வந்தது. அண்ணன், அண்ணி, 10 வயதுப் பெரியவள், 4 வயதுச் சின்னவன், கூடவே எங்கள் அம்மா. நான் இருப்பது செந்தூலில் இரண்டு அறை வீடு. அங்கே ஐந்து பேரை ஏழு இரவு தங்க வைக்க முடியாது. அதனால் சௌகிட் பக்கம் ஒரு கொண்டோவின் (நீச்சல் குளம், காவல் எல்லாம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு) 23-ஆவது மாடியில் மூன்று படுக்கையறை வீடு ஒன்றை இணையத்தில் பதிவு செய்தார்கள். படத்தில் மொட்டை மாடி நீச்சல் குளம், அதற்குப் பின்னால் இரட்டைக் கோபுரம்.

இரவு 11:30 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் குளம் பராமரிப்புக்காக மூடிக் கிடந்தது. மூன்றாவது படுக்கையறை என்று போட்டிருந்தது ஜன்னலே இல்லாத சாமான் அறை. தரையில் ஒரு மெத்தையைப் போட்டு வைத்திருந்தார்கள். பெரிய அறையின் ஏர்கானிலிருந்து கட்டிலின் தலைமாட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கதவு அட்டை. சின்னவன் அந்தக் குளத்துக்காக விமானத்திலேயே உள்ளே நீச்சல் உடை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதைக் கழற்ற மாட்டேன் என்று அழுதுகொண்டே தூங்கிப்போனான்.

நான் இந்த ஊருக்கு வந்து 12 வருடம் ஆகிறது. ஊரிலிருந்து வரும் சொந்தங்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். இந்த முறை அண்ணனே பார்த்துப் பதிவு செய்துவிட்டார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்த ஏழு நாளில் கற்றுக்கொண்டதையும் அதற்கு முன்பே தெரிந்திருந்ததையும் சேர்த்து, பதிவு செய்வதில் தொடங்கி முன்பணம் கைக்குத் திரும்புவது வரை வரிசையாக எழுதுகிறேன். உங்களோடு வருபவர்களில் மூத்தவர் எத்தனை படி ஏறுவார், இளையது எங்கே தூங்கும் என்ற இரண்டையும் முதலில் யோசித்துவிட்டு வீடு தேடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

படி 1: நாளும் பேட்டையும்

நமக்குத்தான் மே மாதம் கோடை. கோலாலம்பூரில் வருடம் முழுக்க ஒரே வெயில்தான். பகலில் 32, 33 டிகிரி, கூடவே புழுக்கம். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடியோடு பெருமழை கொட்டுவதும் வழக்கம். அதனால் மதியத்துக்கு மேல் வீடு திரும்பிப் படுக்கிற மாதிரி ஆகும், வீட்டின் குறையெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். மே மாத இறுதியில் இங்கும் பள்ளி விடுமுறை வருவதுண்டு. அந்த வாரங்களில் வாடகை ஏறும், நல்ல வீடுகள் முன்னாடியே போய்விடும். மே முதல் இரண்டு வாரம் உங்களுக்கு ஒத்துவந்தால் அதையே எடுங்கள்.

பேட்டை விஷயத்தில் என் எண்ணத்தை நேராகவே சொல்கிறேன். வயதானவர்களும் சைவம் சாப்பிடுபவர்களும் கூட வந்தால் பிரிக்பீல்ட்ஸ்தான். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, தமிழில் பேசும் மருந்துக் கடை எல்லாம் உண்டு. மஸ்ஜிட் இந்தியா சாலைப் பக்கமும் நம் ஆட்கள் நிறைய. புக்கிட் பிந்தாங்கில் ராத்திரி சத்தம் அடங்கவே நேரமாகும், சின்னப் பிள்ளைகளோடு அங்கே வேண்டாம். இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி பக்கம் வீடுகள் பார்க்க அழகு, வாடகை அதிகம்.

வரைபடத்தில் ‘ரயில் நிலையம் 400 மீட்டர்’ என்று பார்த்து ஏமாறாதீர்கள். இந்த ஊரில் நடுவே ஒரு நெடுஞ்சாலை ஓடும், அதைக் கடக்க நடைமேம்பாலம் ஏறி இறங்கவேண்டும். அம்மா தங்கியிருந்த வீட்டுக்கு நடை தூரம் குறைவுதான். ஆனால் வழியில் ஒரு மேம்பாலம், இருபுறமும் படிக்கட்டு, மின்படி இல்லை. முழங்கால் வலியோடு ஒருமுறை ஏறி இறங்கினார், அதோடு சரி. தெருக்காட்சிப் படத்தில் வாசலிலிருந்து நிலையம் வரை நீங்களே ஒரு தடவை ‘நடந்து’ பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

படி 2: படத்தை எப்படிப் பார்ப்பது

கோபுரம் தெரியும் படம் பெரும்பாலும் மொட்டை மாடியில் எடுத்தது, உங்கள் வீட்டு ஜன்னலில் எடுத்ததல்ல. வீட்டுக்குள் எடுத்த படங்களை மட்டும் தனியே பிரித்து எண்ணுங்கள். ஒவ்வொரு படுக்கையறைப் படத்திலும் ஜன்னல் தெரிகிறதா? திரைச்சீலை மட்டும் தெரிந்து வெளிச்சம் தெரியவில்லை என்றால் கேள்வி கேளுங்கள். நாங்கள் அப்புறம் திரும்பிப் போய்ப் பார்த்தோம். மூன்றாவது அறைக்கு ஒரே ஒரு படம், அதுவும் கதவருகே நின்று மெத்தையை மட்டும் காட்டியது. அன்றைக்கே பார்த்திருந்தால் புரிந்திருக்கும்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு மூன்று, நான்கு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். அவர்கள்தான் கோபமும் இல்லாமல் முகத்தாட்சண்யமும் பார்க்காமல் உள்ளதைச் சொல்வார்கள். புதியது முதலில் வரும்படி வரிசை மாற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய பாராட்டு இன்றைக்கு உதவாது. மலாயிலும் சீனத்திலும் எழுதியிருப்பதை மொழிபெயர்த்துப் படியுங்கள், உள்ளூர்க்காரர்கள் லிஃப்ட், கார் நிறுத்தம், நாற்றம் என்று குறிப்பாக எழுதுவார்கள்.

படி 3: பணம் கட்டும் முன் ஆறு கேள்வி

இவற்றைப் பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள். வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாலும் போகவேண்டாம். நாளைக்குத் தகராறு வந்தால் தளத்தில் உள்ள பேச்சுதான் சாட்சி.

முதல் கேள்வி: இந்தக் கட்டடத்தில் குறுகிய கால வாடகைக்கு நிர்வாகம் அனுமதிக்கிறதா? இது மிக முக்கியம். மோன்ட் கியாராவில் உள்ள ஒரு கொண்டோ தொடர்பான வழக்கில், அடுக்குமாடி நிர்வாகம் தன் விதிகள் மூலம் குறுகிய கால வாடகையைத் தடை செய்யலாம் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஆகவே பல கட்டடங்களில் உரிமையாளர் வாடகைக்கு விட்டாலும் நிர்வாகம் விருந்தினரை வாசலிலேயே நிறுத்த முடியும். எங்கள் உரிமையாளர், பணம் கட்டிய பிறகு, ‘ஜாகா கேட்டால் நண்பர் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்’ என்று செய்தி அனுப்பினார். இங்கே காவலாளியை ஜாகா என்போம். ராத்திரி நேரத்தில், தூங்கி விழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, காவலாளியிடம் பொய் சொல்லும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. அப்படி ஒரு செய்தி வந்தால் ரத்து செய்ய அவகாசம் இருக்கும்போதே ரத்து செய்யுங்கள்.

இரண்டாவது, எத்தனை கதவு அட்டை தருவார்கள்? அட்டை இல்லாமல் லிஃப்ட் உங்கள் மாடிக்குப் போகாது. ஒரே அட்டை என்றால் ஐந்து பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத்தான் திரும்பவேண்டும். மூன்றாவது, பால்கனிக் கதவில் பூட்டு இருக்கிறதா, ஜன்னல்களுக்குக் கம்பி உண்டா? நான்காவது, குளமும் எல்லா லிஃப்டும் நாங்கள் வரும் நாட்களில் வேலை செய்யுமா? ஐந்தாவது, என்ன அடுப்பு? ஆறாவது, முன்பணம் எவ்வளவு, எப்போது, எப்படித் திரும்ப வரும்? அதோடு சேர்த்துச் சுற்றுலா வரியையும் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். 2023 முதல் இணையத் தளம் வழியாகப் பதிவு செய்யும் தங்குமிடங்களுக்கும் அது உண்டு. ரசீதில் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் வாசலில் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை.

படி 4: கிளம்பும் முன்

மலேசியாவுக்கு வருபவர்கள் வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னிலக்க வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளங்களில் நிரப்பாதீர்கள். அதில் தங்குமிட முகவரியும் கேட்பார்கள். அந்த நேரத்தில்கூட உரிமையாளர் முழு முகவரி தரவில்லை என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை.

நம் ஊர் உருண்டை முனை பிளக் இங்கே சேராது. மலேசியாவில் மூன்று தட்டை முனை. விமான நிலையத்தில் வாங்காமல் ஊரிலிருந்தே இரண்டு அடாப்டர் கொண்டுவாருங்கள். மறந்துவிட்டால் இங்கே மிஸ்டர் டிஐஒய் கடையில் கிடைக்கும்.

பாத்திரம் கொண்டுவருபவர்களுக்கு ஒன்று சொல்லியாகவேண்டும். அண்ணி அம்மாவின் கஞ்சிக்கென்று ஒரு அலுமினியச் சட்டியும் சின்னக் குக்கரும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வீட்டில் இருந்தது இண்டக்ஷன் அடுப்பு. சட்டியை வைத்தால் அடுப்பு மூன்று முறை கத்திவிட்டு அணைந்துவிடும். ‘சூடே ஏற மாட்டேங்குதே’ என்று அண்ணி திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். இண்டக்ஷனுக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும், அலுமினியம் வேலைக்கு ஆகாது. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மை ஒன்றை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். அழுத்தமாக ஒட்டினால் கொண்டுவரலாம். வழுக்கி விழுந்தால் ஊரிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, ஓர் இரவு ஹோட்டலுக்கான பணத்தைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் தனியே எடுத்து வையுங்கள். அது கையில் இருந்தால் மோசமான வீட்டில் நிற்கும்போது பதறாமல் முடிவெடுக்கலாம்.

படி 5: உள்ளே நுழைந்த முதல் ஒரு மணி நேரம்

இந்த ஒரு மணி நேரம் சரியாகப் போனால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. யாரும் பெட்டியைத் திறக்கவேண்டாம். பிள்ளைகளைச் சோபாவில் உட்கார வைத்து, பிஸ்கட் ஏதாவது கொடுத்து, ஒருவர் அவர்களோடு இருக்கட்டும்.

இன்னொருவர் முதலில் போகவேண்டியது பால்கனிக்கு. ஏர்கான், மெத்தை எல்லாம் அப்புறம். கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களில் பல வீடுகளில் பால்கனிக்குக் கம்பி கிடையாது, இடுப்பளவு கைப்பிடி மட்டும். எங்கள் வீட்டில் சறுக்குக் கதவின் கொக்கி தேய்ந்துபோய், ஒரு விரலால் தள்ளினால் திறந்துகொண்டது. வெளியே கைப்பிடிச் சுவரை ஒட்டி இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேசை. 4 வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. 23-ஆவது மாடியிலிருந்து கீழே பார்த்தபோது என் வயிறு கலங்கியது. முதல் காரியமாக அந்த நாற்காலிகளையும் மேசையையும் உள்ளே கொண்டுவந்தோம். அண்ணி தன் துப்பட்டாவால் கதவுப் பிடியைப் பக்கத்துக் கிராதிக் கம்பியோடு இறுக்கிக் கட்டினார். மறுநாள் கடையில் கதவைத் தடுக்கும் கட்டை வாங்கி அடியில் உள்ள தண்டவாளத்தில் வைத்தோம். ஜன்னல்களுக்குப் பக்கத்தில் கட்டில் இருந்தால் அதையும் நகர்த்துங்கள். வீட்டின் வேறு எந்தக் குறையோடும் சமாளிக்கலாம், இதோடு சமரசமே கூடாது. பூட்ட வழியே இல்லை என்றால் அன்றிரவே வேறு இடம் போய்விடுங்கள்.

அடுத்து, கைபேசியில் வீடியோ. வாசற்கதவில் தொடங்கி நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஒவ்வொரு அறையும் எடுங்கள். சுவரில் கறை, உடைந்த கைப்பிடி, சோபாவில் கிழிசல், குளியலறைக் குழாய், ஃப்ரிட்ஜின் உள்பக்கம் எல்லாம் வரட்டும். ‘மே மாதம் இத்தனாம் தேதி, இரவு இத்தனை மணி’ என்று வாயாலும் சொல்லுங்கள். பிறகு உங்கள் தலையில் கட்ட நினைக்கும் சேதத்துக்கு இதுவே பதில்.

அப்புறம் மெத்தை. விரிப்பின் நான்கு மூலையையும் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலில் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள், துருப்பிடித்த நிறத்தில் தீற்றல் இருந்தால் மூட்டைப்பூச்சி. கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னாலும் பாருங்கள். அடையாளம் கண்டால் பெட்டிகளைக் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு உடனே உரிமையாளரைக் கூப்பிடுங்கள். மூட்டைப்பூச்சி இருக்கும் வீட்டில் ஓர் இரவு தங்கினாலும் அது உங்களோடு திருச்சி வரை வரும்.

எல்லா ஏர்கானையும் ஒரே நேரத்தில் போட்டு 20 நிமிடம் ஓட விடுங்கள். குளியலறை ஹீட்டரின் சுவிட்ச் பெரும்பாலும் குளியலறைக்கு வெளியே சுவரில் இருக்கும். சுடுதண்ணீர் வரவில்லை என்று சொல்லும் முன் அதைப் பாருங்கள். கழிவறையில் தண்ணீர் ஊற்றிவிட்டு நாற்றம் போகிறதா பாருங்கள். இணைய இணைப்பு, வாசல் பூட்டு. அவ்வளவுதான்.

படி 6: புகார்

நடுராத்திரி ஆனாலும் அன்றே எழுதிவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கினால் ‘ஓர் இரவு தங்கி அனுபவித்துவிட்டு இப்போது குறை சொல்கிறார்கள்’ என்ற பேச்சு வரும். தளங்களின் விதியிலும் அவகாசம் குறைவு. ஏர்பிஎன்பியில், எடுத்துக்காட்டாக, பிரச்சினையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். வேறு தளம் என்றால் அதன் அவகாசத்தைப் பதிவு செய்யும்போதே படித்து வையுங்கள்.

கோபத்தைக் கொட்டி எழுதாதீர்கள். அண்ணன் முதலில் எழுதிய செய்தியில் ‘ஏமாற்று’, ‘மோசடி’ என்று நாலு வரி இருந்தது, என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. நான் வாங்கி மாற்றி எழுதினேன்: ‘விளம்பரத்தில் மூன்று படுக்கையறை. மூன்றாவதில் ஜன்னலும் ஏர்கானும் இல்லை, படம் இணைத்திருக்கிறேன். பெரிய அறை ஏர்கான் கட்டில் மேல் ஒழுகுகிறது, வீடியோ இணைத்திருக்கிறேன். குளம் மூடியிருக்கிறது. நாளை மதியம் 12 மணிக்குள் ஏர்கானைச் சரிசெய்து, இரண்டாவது அட்டை தரவேண்டும். அறைக்கும் குளத்துக்கும் வாடகையில் கழிக்கவேண்டும்.’ இதைத் தளத்தின் உதவி மையத்துக்கும் அனுப்பினோம். காலை 9 மணிக்கு உரிமையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. இரண்டாவது அட்டை அன்று மாலையே கிடைத்தது. ஏர்கான் சரியாக மூன்றாம் நாள் ஆயிற்று. ஓர் இரவு வாடகை தளம் வழியாகத் திரும்ப வந்தது.

பணமாகத் தருகிறேன், தளத்தில் புகாரை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் தளம் வழியாக வரட்டும், அப்புறம் முடித்துக்கொள்ளலாம்.

மலேசியாவில் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் ஒன்று இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஒரு வாரத்துக்கு வந்தவர்கள் விசாரணைக்கு மறுபடி வருவது நடக்காத காரியம். இங்கே குடியிருக்கும் சொந்தக்காரர் தன் பெயரில் பதிவு செய்து கொடுத்திருந்தால் அவருக்கு இது கைகொடுக்கும்.

படி 7: இருப்பதா, மாறுவதா

மறுநாள் மதியத்துக்குள் முடிவெடுத்துவிடுங்கள். பால்கனி, மூட்டைப்பூச்சி, பூட்டாத வாசற்கதவு, ஜாகாவோடு தகராறு: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாறுங்கள். பழைய சோபா, சின்ன ஃப்ரிட்ஜ், மூடிய குளம் என்றால் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கஷ்டம்: எல்லாருக்கும் தூக்கம் வருமா என்பது. எங்களுக்கு வரவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் அம்மாவால் மூச்சுவிட முடியவில்லை. இரண்டாம் இரவிலிருந்து அம்மாவும் பெரியவளும் என் வீட்டுக்கு வந்து படுத்தார்கள், அண்ணன் தினமும் காலையில் வந்து கூட்டிப்போனார். வந்த குடும்பம் இரண்டாகப் பிரிந்து தூங்கியது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ‘எனக்கு உன் வீடே போதும் பாப்பா’ என்று அம்மா சொன்னார். ஆனால் பேரப்பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருக்கத்தானே அவர் கடல் கடந்து வந்தார். இரண்டாம் நாளே பிரிக்பீல்ட்ஸில் ஒரு குடும்ப அறைக்கு எல்லாரையும் மாற்றியிருக்கவேண்டும். கொடுத்த வாடகை வீணாகிறதே என்று பார்த்தோம், அது தவறு.

மாறுவதாக இருந்தால், தளம் எழுத்தில் சரி என்று சொல்லும் வரை நீங்களாகப் பதிவை ரத்து செய்யாதீர்கள். நீங்களே ரத்து செய்தால் வழக்கமான ரத்து விதிதான் பாயும்.

படி 8: இருக்கும் வீட்டை இருக்கத்தக்கதாக்குவது

பூஞ்சை வாடைக்கு நறுமணத் தெளிப்பான் தீர்வு ஆகாது. காலையில் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், மழை வரும் முன் அடைத்துவிட்டு ஏர்கானில் நீர்த்துளிக் குறியுள்ள உலர் நிலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஏர்கான் லேசாக ஒழுகினால் பல நேரம் வடிகட்டியில் தூசி அடைத்திருக்கும். அணைத்துவிட்டு முன்மூடியைத் தூக்கினால் வலை போன்ற வடிகட்டி கையோடு வந்துவிடும். குழாயில் காட்டிக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். அப்படியும் சொட்டினால் வடிகுழாய் அடைப்பு, அது ஆளைக் கூப்பிட்டுச் செய்யும் வேலை. அதுவரை கட்டிலை நகர்த்திவிட்டு அடியில் ஒரு வாளி வையுங்கள்.

குழாய்த் தண்ணீரை இங்கே நாங்களே காய்ச்சியோ வடிகட்டியோதான் குடிக்கிறோம். கெட்டில் எல்லா வீட்டிலும் இருக்கும். துணி துவைக்கும் இயந்திரம் நாறினால் அதோடு போராடாதீர்கள். தெருவுக்குத் தெரு காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடைகள் உண்டு, பல கடைகள் இரவெல்லாம் திறந்திருக்கும். துவைத்துக் காயவைத்து ஒன்றரை மணி நேரத்தில் எடுத்து வரலாம்.

சமையலை ஒரு வேளைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கஞ்சி, பிள்ளைக்குப் பால், தயிர்ச்சோறு. இட்லி மாவு பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும். மற்ற வேளைக்கு வெளியே பசியாறுவதுதான் இந்த ஊரின் சுகம். மாமாக் கடை என்பது இங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. அங்கே ரொட்டி சானாயும் (நம் பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) வைத்து உட்கார்ந்தால் யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள்.

படி 9: வீட்டை நம்பாத ஒரு நாள் திட்டம்

வீடு சரியில்லை என்றால் அதைப் படுக்கவும் குளிக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு பகலை மூன்றாகப் பிரியுங்கள். காலை 7 முதல் 11 வரை வெளியில் நடக்கும் இடம். பிறகு மழையும் வெயிலும் போகும்வரை கூரைக்குக் கீழே. மாலை 5:30-க்கு மேல் பூங்கா.

பத்துமலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் கோயில் வாசல் வரை போகிறது. அடிக்கடி வராது, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். 272 படி. 2006-இல் எழுப்பிய 42.7 மீட்டர் முருகன் சிலையின் காலடியில் நின்றால் பெரியவர்களுக்கும் மனம் நிறையும். ஏற முடியாதவர்கள் கீழே உள்ள சன்னிதிகளில் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்காரலாம். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும். அம்மா கீழே இருந்தார், பெரியவள் படியை எண்ணிக்கொண்டே ஏறி 269 என்று இறங்கி வந்தாள். மறுபடி எண்ணப் போகிறேன் என்றவளை நிறுத்தப் படாத பாடு பட்டோம்.

மதியத்துக்கு முஸியம் நெகாரா என்னும் தேசிய அருங்காட்சியகம் நல்ல இடம், கேஎல் சென்ட்ரலிலிருந்து நடைபாதையிலேயே போய்விடலாம். ஒரு மதியம் 1873-இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே மத்தியச் சந்தையில் சுற்றலாம், இரண்டும் பசார் செனி நிலையத்திலிருந்து நடை தூரம். இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏற நினைத்தால் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறக்காதீர்கள்.

மாலையில் கேஎல்சிசி பூங்கா. பிள்ளைகள் விளையாட அகலமான திடலும், காலளவு தண்ணீர் உள்ள குளமும் அங்கே உண்டு, காசு கிடையாது. மூன்றாம் நாள் மாலை சின்னவன் அந்த நீச்சல் உடையை அங்கேதான் போட்டுக்கொண்டான். தண்ணீர் அவன் முழங்காலுக்குத்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. பின்னால் கோபுரத்தில் விளக்கு எரிந்தது. விளம்பரப் படத்தில் இருந்த அதே கோபுரம், இன்னும் கிட்டத்தில். தித்திவங்சா ஏரிப் பூங்காவும் நல்லது, கூட்டம் கொஞ்சம் குறைவு.

படி 10: காலி செய்யும் நாள்

குப்பையை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, வந்த அன்று எடுத்த அதே வழியில் மறுபடி ஒரு வீடியோ. அட்டைகளைச் சாவிப் பெட்டியில் போடுவதையும் எடுங்கள். அன்றே தளத்தில் ‘காலி செய்துவிட்டோம், அட்டை இரண்டும் வைத்தாயிற்று, முன்பணம் 200 வெள்ளியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று எழுதுங்கள். ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்போம். எங்களிடம் சோபாக் கிழிசலுக்கு 80 வெள்ளி பிடிப்பதாகச் சொன்னார்கள். முதல் இரவு வீடியோவில் அந்தக் கிழிசல் வரும் நொடியைக் குறிப்பிட்டு அனுப்பினோம். ஒன்பதாம் நாள் முழுப் பணமும் வந்தது.

பிறகு விமர்சனம் எழுதுங்கள். முன்பணம் வந்த பிறகு என்றால் நிதானமாக எழுத முடியும். ஆனால் தளம் கொடுக்கும் கெடுவைத் தவறவிடாதீர்கள். அடுத்து வரும் குடும்பத்துக்கு எது தெரியவேண்டுமோ அதை எழுதுங்கள்: ஜன்னல் இல்லாத அறை, ஒரே அட்டை, தேய்ந்த பால்கனிக் கொக்கி. அண்ணன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார்.

வரும் மே மாதமும் வருகிறார்கள். இந்த முறை பிரிக்பீல்ட்ஸில் 6-ஆவது மாடியில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. அந்த ஆறு கேள்வியையும் போன வாரம் நானே அனுப்பினேன். ஐந்துக்குப் பதில் வந்துவிட்டது. பால்கனிப் பூட்டு பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. அது படத்தோடு வரும் வரை பணம் கட்டவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.